கெடார் – வானூர்: பூஜ்யம்

ஊரார் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் நடராசனின் பிழைப்பு. கெடாரில் தனியாகக் குடியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். அவர் எங்கே போகிறார் என்று கேட்கத்தான் நாதியில்லை.

ஒரே மகள் சங்கவி வானூரில் இருந்தாள். அந்தோணிசாமி என்கிற எலக்ட்ரீஷியனை அவளாகவே கட்டிக்கொண்ட அன்று, இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். ஐந்து வருஷம் ஆயிற்று. பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். அது அடித்து ஓயும்வரை மனுஷன் பார்த்துக்கொண்டே இருப்பார். வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று சாலைத் திட்டத்துக்காக அவருடைய விழுப்புரம் ஆபீசில் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் போட்டார்கள். அதைப் பெருக்கித்தான் இருபது வருஷம் கழித்து எத்தனை பேர் போவார்கள் என்று கணிப்பது வழக்கம். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்ததில் நடராசனின் வீடும் அகப்பட்டது. ஆபீசைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

என்ஜினீயர் மலர்விழி ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்.

"சார், கெடார்லேர்ந்து வானூருக்கு ஒருத்தரும் போவல. ஒருத்தராவது போயிருந்தா பெருக்கலாம். இருபது வருஷம் கழிச்சும் இது பூஜ்யந்தானுங்க."

சரிதான் என்றார் நடராசன். இருபது வருஷத்தில் அவருக்கு எழுபத்தெட்டு ஆகிவிடும். அன்றைக்கு முதல் தடவையாகப் பயந்துபோனார்.

வீட்டுக் கணக்கில் விட்டுப்போன பயணங்களைப் பிடிக்கத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் புதிதாக ஆள் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேர்க்கடலையை வறுத்துக் கட்டிய மல்லாட்டைப் பையோடு, வானூர் வழியாகப் போகும் பாண்டி பஸ்ஸுக்கு நின்றவரைப் பிரபாவதி என்ற பெண் நிறுத்தினாள். இவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. எங்கிருந்து என்றாள், கெடார். எங்கே, வானூர், மகள் வீடு. எத்தனை நாளைக்கு ஒருமுறை போவீர்கள் என்றதும், இதுதான் முதல் தடவை என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப திரும்புவீங்க?"

"அவ கதவத் தொறந்தா நாளைக்கு. தொறக்கலன்னா அடுத்த பஸ்ஸுலயே வந்துடுவேம்மா."

திரும்பும் நேரத்துக்கான இடத்தை அவள் காலியாக விட்டாள். கெடார், வானூர், ஒருவர் என்று எழுதினாள். எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.