டிராம்பேக்குப் போன இரண்டு குழாய்கள்

1966, மே மாதம். காலை ஒன்பதேகாலுக்கு மாட்டுங்காவில் டிராம்பே பஸ் ஏறினேன். தூரம் ஏறக்குறைய ஏழு மைல். மடியில் வாய் அகன்ற பிளாஸ்க், அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் மூடிய கண்ணாடிக் குழாய்கள் இரண்டு. என் மகள் விஜயா டிராம்பேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கருவியைத் தயார் செய்ய அவள் முன்னாலேயே போய்விட்டாள். மாட்டுங்காவில் அவள் தோழி பிரித்தெடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு போவது என் வேலை. மூன்று மணிக்கு மேலதிகாரி முடிவைப் பார்ப்பார். அவளுக்கு வேலை நீடிக்குமா என்பது அதில்தான் இருந்தது.

குழாய்களில் இருந்தது ரைபோசோம். கிருமியின் உடலுக்குள் புரதம் தயாரிக்கும் நுண்துகளாம். பெரிதும் சிறிதுமாக இரண்டு துண்டுகள் சேர்ந்ததாம். ஒரு குழாயில் மனிதக் குடலில் வாழும் கிருமியுடையது. மற்றதில், வஜ்ரேஸ்வரி வெந்நீர் ஊற்றில் கை வைக்க முடியாத சூட்டில் குடியிருக்கும் கிருமியுடையது. எது எவ்வளவு சூட்டில் கட்டுக்குலைகிறது என்று பார்க்க வேண்டும்.

சயானைத் தாண்டியதும் ஒரு லாரி வழியை மறித்து நின்றது. பிளாஸ்கைத் திறந்தேன். பதினொரு ஐஸ் கட்டிகளே மிச்சம். பக்கத்தில் இருந்தவர் தாராவியில் குடியிருக்கும் தமிழர், எண்ணெய் ஆலையில் வேலை.

"குல்ஃபியா ஐயா? செம்பூர் போறதுக்குள்ள கரைஞ்சிருமே."

விஷயத்தைச் சொன்னேன். யோசித்தார்.

"வெந்நீர்ல கெடந்தத எதுக்கு ஐஸ்ல போட்டு நடுங்க விடுதிய? வெளிய எடுங்க. மத்ததுக்காவது ஐஸ் பத்தும்."

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. உறை ஊற்றிய பாலைத் துணி சுற்றி வைப்பதுபோல் ஊற்றுக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். டிராம்பே போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

விஜயா பிளாஸ்குக்குள் பார்த்தாள். "இன்னொண்ணு எங்கேப்பா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் முகம் மாறியது.

"ரெண்டையும் ஐஸ்லன்னுதானே சொன்னேன்?"

"வெந்நீர்ல வாழறதாச்சேம்மா."

"உசிரோட இருந்தா வாழும். இது கிருமியை உடைச்சு எடுத்தது. உடைக்கறச்சே துகளைக் கத்தரிக்கற நொதியும் சேர்ந்து வந்துடும். கதகதப்பா வெச்சா அதுக்குத்தான் கொண்டாட்டம்."

இருந்தாலும் கருவியில் வைத்துப் பார்த்தாள். துகள் குலையும்போது கருவியின் பேனா காகிதத்தில் செங்குத்தாக மேலே ஏற வேண்டுமாம். என் குழாய்க்கு அது ஆரம்பத்திலிருந்தே சோம்பலாகச் சாய்ந்துகொண்டு போனது. தோழியிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டாக்ஸியில் மாட்டுங்கா போய்த் திரும்பினேன். இந்த முறை பிளாஸ்க் நிறைய ஐஸ், மூடியைத் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்கு மேலதிகாரி வந்து நின்றார். சூடு ஏற ஏற, குடல் கிருமியின் கோடு முதலில் எழும்பியது. ஊற்றுக் கிருமியுடையது அசையவில்லை. மற்றது முழுக்கக் குலைந்த பிறகும் சிறிது நேரம் படுத்தே கிடந்து, பின்புதான் எழுந்தது. அவர் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு, "அடுத்த வாரம் இன்னொரு ஊற்றுக்குப் போங்கள்" என்று அவளிடம் சொன்னார். விஜயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவு சூட்டைத் தாங்கினது என் சட்டைப் பையைத் தாங்கலையா?" என்று கேட்டேன். சொன்னதையே மறுபடி சொன்னாள். தலையாட்டினேன்.

ஆறரைக்கு வீடு சேர்ந்தேன். பாலில் உறை ஊற்றியிருப்பதாகவும், பாத்திரத்தைத் துணி சுற்றி வைக்கும்படியும் என் மனைவி சொன்னாள். துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன்.