நூலை இழுக்காத குழந்தை

பிள்ளையார்பாளையத்தில் குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதித்துப் படிவம் நிரப்புவது என் வேலை. மூன்று 'இல்லை' விழுந்தால் பின்தங்கிய குழந்தை. நெசவாளர் வீட்டு இரண்டு வயதுப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு. அடுத்த கேள்வி: நூலை இழுத்துப் பொம்மையை எடுக்கிறாளா? அவள் பொம்மையைப் பார்த்தபடி கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நூலைத் தொட்டா அடிப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன்மா. தறியில பாவு நூல் அறுந்துடுது. அதுக்குப் போயி மந்தம்னு எழுதிடாதீங்க," என்றாள் அம்மா.

பொம்மையில் ரிப்பனைக் கட்டினேன். உடனே இழுத்துவிட்டாள். 'ஆம்' என்று குறித்து, ஓரத்தில் காரணமும் எழுதினேன்.

மேலதிகாரி இரண்டையும் அடித்துவிட்டு 'இல்லை' என்று மாற்றினார். "நூல்னுதானேமா போட்டிருக்குது? டிக் மட்டும் போடு, கதை எழுதாத."

பின்தங்கியவர்கள் பட்டியலில் குழந்தையின் பெயர் ஏறியது. அதைத் தெரிவிக்கும் கடிதத்தை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்.