மூன்றாவது பிள்ளைக்கு ஒரு வளைகாப்பு

போன வாரம் அடையாறில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். என் தங்கையின் பேத்திக்கு. ஏசி ஹால், மேடை, பின்னால் பலூன் வளைவு. போட்டோக்காரர் தலையசைத்தால்தான் சந்தனம் பூசலாம். குறை சொல்ல வரவில்லை. எலுமிச்சை சாதம் நன்றாகவே இருந்தது, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் வளையல் தட்டு என் முன்னால் வந்தபோது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கனமும் இல்லை, சத்தமும் இல்லை. பிளாஸ்டிக். "கண்ணாடின்னா குத்திடும் பாட்டி" என்றாள் பெண். அதுவும் நியாயந்தான். எனக்குத்தான் சந்தனமும் எலுமிச்சையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், கூடவே பினாயில் வாசனையும் வந்துவிட்டது. வளைகாப்பில் பினாயில் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாதர் சங்கத்தின் தையல் கூடத்தில் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் தைத்த முதல் ரவிக்கைக்கு இரண்டு கையும் வலது கையாக அமைந்துவிட்டது. மிஷின் எண்ணெய் நாற்றம் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும் விரலை விட்டுப் போகாது. சங்கத்தின் காரியதரிசி செல்லம் மாமி, மயிலாப்பூர்க்காரி. கணவர் ரிடையரான பெரிய அதிகாரி. அவர் பென்ஷனுக்கு வம்பு வந்துவிடுமோ என்று போலீஸ் என்றாலே மாமிக்குப் பயம். அரசாங்கத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவார்.

எங்களிடம் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் கஸ்தூரி. மந்தைவெளிப் பக்கம் வீடு. இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பிழைத்தவள். அதனால் இந்தத் தடவையும் ஆஸ்பத்திரிதான் என்பது முன்பே தீர்மானமான விஷயம்.

அப்போது எமர்ஜென்ஸி. எங்கள் பகுதிப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள் புதிய பலகை முளைத்தது. மேலே சிவப்பு முக்கோணம். மூன்றாவது பிரசவத்துக்கு வருகிறவர்கள் அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர்களுக்குப் படுக்கை கிடையாது. கஸ்தூரி செக்கப்புக்குப் போய்விட்டு வந்து, துணியைக் கையில் எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாட்டேன்னா ஊட்லயே பெத்துக்கோன்றாங்கக்கா. சின்னதுக்கு மாசம் ஒரு தபா ஜுரம் வருது. அது தங்குமான்னே தெரில. இதுவும் பொறந்து, மூணும் நல்லா நின்னுச்சுன்னா நானே போய்ப் பண்ணிக்க மாட்டேனா? வலியில துடிச்சிக்கினு கீறப்போ கேட்டா நான் இன்னா சொல்றது?"

இன்று வரை அந்தக் கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. நாங்கள் யாரும் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. செல்லம் மாமியே இரண்டோடு நிறுத்திக்கொண்டவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். ஆனால் அன்று மாமியின் முகம் சிவந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தக்கூட மறந்துவிட்டார்.

முதலில் மனுக் கொடுத்தோம். மனு கிணற்றில் போட்ட கல். கூட்டம் போடலாம் என்றால் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது. எந்த மண்டபக்காரரும் இடம் கொடுக்கத் தயாரில்லை. இந்தச் சமயத்தில் ஒரு நாள், கஸ்தூரியின் ரவிக்கையைத் தளர்த்தித் தைக்க நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் தனக்கு வளைகாப்பே நடந்ததில்லை என்றாள். அவளாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். முதல் பிள்ளைக்கும் பிறந்த வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போ எத்தனாம் மாசம்டி?"

"ஏழு, மாமி."

"அப்போ போட்டுடலாம். ஆனா ஆத்துல வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல்லயே பண்ணிடலாம்."

நான் பாண்டி பஜாருக்கு வளையல் வாங்க ஓடினேன். மாமி கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார். "சேப்பு வேண்டாம். அந்தப் பலகை முக்கோணமே சேப்பாத்தான் இருக்கு. எல்லாம் பச்சையா வாங்கிண்டு வா." இரண்டு பெட்டி பச்சைக் கண்ணாடி வளையலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் உயிர் போய் வந்தது.

கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வரும் புதன்கிழமையாகப் பார்த்துப் போனோம். மாமி பட்டுப் புடவையில், ரிக்‌ஷா நிறையச் சாதத் தூக்குகளுடன் வந்து இறங்கினார். தையல் கூடத்துப் பெண்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், மாமியின் பஜனை கோஷ்டி எல்லாம் சேர்ந்து ஐம்பது பேருக்குக் குறையாது. அப்போதுதான் வராந்தாவைப் பினாயில் விட்டுக் கழுவியிருந்தார்கள். அந்த ஈரத்திலேயே மணையைப் போட்டுக் கஸ்தூரியை உட்கார வைத்தோம். பாட்டுப் பாடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பாடியதைக் கேட்டு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பயம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

யார் சொல்லிப் போனார்களோ, இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "என்னம்மா கூட்டம் இது? அஞ்சு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"நாலு பேரை வச்சுண்டு வளைகாப்பு எப்படி சார் பண்றது?" என்றார் மாமி. போலீஸ் என்றாலே பயந்தவர், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"எத்தனாவது பிள்ளை?"

"மூணாவது."

"மூணாவதுக்கு யாராவது வளைகாப்பு போடுவாங்களா?"

"யாரும் போட மாட்டா சார். அதனாலதான் நாங்க போடறோம்."

இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார், கஸ்தூரியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். கூட வந்த கான்ஸ்டபிள் புளியோதரை சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வளையல் பூட்டி முடிந்ததும் கஸ்தூரி கையூன்றி எழுந்து நேராகத் தலைமை நர்ஸிடம் போனாள். ஸ்டெல்லா சிஸ்டர். கண்டிப்பானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. வளைகாப்பு வளையலைப் பிரசவத்தின்போது கழற்றி, பிரசவம் பார்ப்பவருக்கே கொடுத்துவிடுவது கஸ்தூரி வீட்டுப் பக்கத்து வழக்கம். கஸ்தூரி இரண்டு கையையும் நீட்டினாள்.

"சிஸ்டர், இத நீங்கதான் கழட்டணும். ஆபரேஷன் நான் கேக்கறப்போ பண்ணுங்க."

சிஸ்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் வரிசையில் நின்ற இன்னொரு கர்ப்பிணி, எனக்கும் போடுங்கள் என்று கையை நீட்டினாள். அப்புறம் அடுத்தவள். நான்காவது பிள்ளைக்காரி, ஐந்தாவது பிள்ளைக்காரி எல்லாரும் நீட்டினார்கள். போட்டுக்கொண்ட ஒவ்வொருத்தியும் சிஸ்டரிடம் போய் அதையே சொன்னாள். பெட்டி காலியானபோது என் கையெல்லாம் கீறல். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பலகை ஒரு மழையில் கீழே விழுந்தது. எடுத்து மாட்ட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கஸ்தூரிக்குப் பெண் பிறந்தது. வளையல்களைக் கழற்றியது ஸ்டெல்லா சிஸ்டர்தான். பிரசவ அறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். அடுத்தடுத்து வந்தவர்களின் வளையல்களும் அதில் சேர்ந்தன. கடல் காற்று அடித்தால் அவை குலுங்கும் சத்தம் வராந்தா வரை கேட்கும்.

இரண்டு வருஷம் கழித்துக் கஸ்தூரி என்னிடம் லீவு கேட்டாள். "ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்க்கா. மூணும் நல்லா கீது. யாரும் சொல்லல, நானேதான்." அதைச் சொன்னபோது அவள் நின்ற நிமிர்வை நான் மறக்கவில்லை. கூடவே போய் வந்தேன். படுக்கை கொடுத்ததும் ஸ்டெல்லா சிஸ்டர்தான். அன்று அவர் சிரித்தார்.

தையல் கூடம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆஸ்பத்திரியை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஆணி எந்தக் குப்பையோடு போயிற்றோ. செல்லம் மாமி இல்லை, சிஸ்டர் இல்லை, பாண்டி பஜாரில் அந்த வளையல் கடையும் இல்லை. போன வாரம் மேடையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், ஒப்புக்கொண்டால்தான் படுக்கை என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு பேச்சு இந்த ஊரில் இருந்ததே அவளுக்குத் தெரியாது. போனவற்றில் நான் வருத்தப்படாதது அது ஒன்றுக்குத்தான். அதைத் துரத்தியதில் என் கீறல் விழுந்த கையும் உண்டு.