இரண்டு முறை அடித்த கடிதம்

அமெரிக்காவிலிருந்து வந்த அந்த விண்ணப்பப் படிவம், நான் அதுவரை தொட்டிராத வழவழப்பான தாளில் இருந்தது. தட்டச்சு இயந்திரத்தில் ஏற்றும்போது இரண்டு தடவை வழுக்கிக் கோணிக்கொண்டது. பக்கத்தில் நின்றிருந்த அண்ணன், "மெதுவா தங்கச்சி, ஒண்ணுதான் அனுப்பியிருக்காங்க" என்றார். மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அண்ணன் என்றாலும் உடன்பிறந்தவர் அல்ல. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். ஒரே மருத்துவமனையில் இருவருக்கும் வேலை. நான் பெரிய டாக்டரின் தட்டச்சர், அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காசில் மகனைக் கப்பலேற்றிச் சென்னையில் விலங்கியல் படிக்க வைத்தார். பட்டத்தோடு வந்தவருக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. எங்களுக்கிருந்த ஒரே மருத்துவக் கல்லூரி சிங்கப்பூரில் இருந்தது; அங்கே பள்ளி முடித்த கையோடு வருகிறவர்களைத்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகே மருத்துவம் படிக்க முடியும் என்று எங்கோ படித்த நாளிலிருந்து அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு கல்லூரிகளுக்கு எழுதினோம். வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதில்லை என்று பல பதில்கள் வந்தன. ஒரு கல்லூரி, அறுபத்திரண்டு மதிப்பெண் தங்கள் நாட்டில் தேர்ச்சிக்கே போதாது என்று எழுதியது. சென்னையில் அது முதல் வகுப்பு. அதை அவர்களுக்கு விளக்கச் சொல்லிப் பழைய கல்லூரி முதல்வருக்கு எழுதி, பதில் வர ஐந்து மாதம் காத்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு கல்லூரி இறங்கி வந்தது. ஓராண்டு அங்கேயே அறிவியல் பாடங்கள் படிக்க வேண்டும். அதற்கு முன், அவரை வேலையில் பார்த்த மருத்துவர் ஒருவர் நேரடியாக ரகசியப் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டும்.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். கேட்டவுடன் சம்மதித்தார். அன்று பிற்பகலே என்னைக் கூப்பிட்டார். அவர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நேர்மையானவர், சுத்தமாக வேலை செய்வார், சொன்னதைத் தவறாமல் செய்வார் என்று தொடங்கியது. பிறகு, தானாக முடிவெடுக்கும் திறனை இவரிடம் நான் கண்டதில்லை, இப்போதிருக்கும் வேலையே இவருக்குப் பொருத்தமானது என்று முடிந்தது. அவர் குரலில் கோபமோ வெறுப்போ இல்லை. சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், டைபாய்டு என்று அவர் எழுதியிருந்த ஒரு சிறுமியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்து, அண்ணன் தானாகவே போய் அவரிடம் சொன்னார். அந்தப் பெண் பிழைத்தாள். அது கடிதத்தில் இல்லை.

நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடித்தேன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.

மறுப்பு வந்த அன்று அண்ணன் என் மேசைக்கு வந்து, "டாக்டர் என்ன எழுதியிருந்தாரு? நீதானே அடிச்சே" என்று கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருந்தாரு, அண்ணே."

அவர் முகம் தெளிந்தது. அப்படியானால் மதிப்பெண்தான் கெடுத்திருக்கும் என்று அவராகவே முடிவுக்கு வந்தார். அந்த ஒரு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேதியியல் படித்தார். மறுபடி விண்ணப்பித்தார். நான் எதிர்பாராதது ஒன்றுதான். நல்லபடியாக எழுதிக் கொடுத்தார் என்று நான் சொன்ன மனிதரிடமே மறுபடியும் போய் நின்றார்.

அது எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம். பெரிய டாக்டர் தன் நாட்டுக்கே கிளம்பிக்கொண்டிருந்தார். அறை முழுக்க மரப்பெட்டிகள். போன வருடக் கடிதத்தையே தேதி மாற்றி அடித்துக் கொண்டுவா என்றார். கோப்பிலிருந்து அதை எடுத்துவந்து எதிரில் வைத்துக்கொண்டு அடித்தேன். அப்போதாவது எழுந்து போய் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பொய்யும் வெளியே வரும், வேலையும் போகும் என்று உட்கார்ந்திருந்தேன். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர விழாவுக்குக் கொடிகளும் தோரணங்களும் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

இரண்டாவது மறுப்பில், இனி விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அன்று மாலை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு காஜா பேராங் சாலையில் நடந்தோம். என்னால் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தில் இருந்ததை வரிவரியாக.

அவர் நின்றார். "போன வருசமே சொல்லியிருந்தா வேற டாக்டரக் கேட்டிருப்பேன்" என்றார். பிறகு, "வீட்டுக்குப் போங்க, இருட்டுது" என்றார்.

அதுவரை என்னை அவர் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

திட்டவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. எதிர்ப்பட்டால் புன்னகைத்தார். என் திருமணத்துக்கு வந்து வாழ்த்தினார். என் மூத்த மகன் காய்ச்சலில் கிடந்தபோது பரிசோதனை முடிவை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து, "மலேரியா இல்லை, பயப்படாதீங்க" என்றார். ஓய்வு பெறும்வரை அதே கூடத்தில், அதே உதவியாளர். புதிதாக வந்த இளம் டாக்டர்கள் சந்தேகம் வந்தால் முதலில் அவரிடம்தான் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை நீட்டினார்கள் என்பது மருத்துவமனைக்கே தெரியும்.

போன மாதம் உஜோங் பாசிரில் அவருடைய மகள் வீட்டில் அவரைப் பார்க்கப் போனேன். கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தபடி வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் கையால் தடவித் தடவி ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க" என்றார்.