தெலூசின் பழக்கிய குதிரைகள்

எங்கள் மன்னேயா மலைநாட்டில் வாய்க்கொழுப்பால் கெட்டவர்கள் நிறைய உண்டு. கைத்திறமையால் கெட்டவன் தெலூசின் ஒருவன்தான். சூபிப் பள்ளத்தாக்கில் அவனும் நானும் அரசருடைய குதிரைக் குட்டிகளைப் பழக்குகிறவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. மூன்று வயதாகும்வரை குட்டியின் முதுகில் எவனும் ஏறக்கூடாது. அதன்பிறகுதான் ஓடவும் திரும்பவும் போரில் நிற்கவும் கற்றுக்கொடுப்போம்.

வருடாவருடம் வசந்தத்தில் அசீரியர்கள் கப்பக் குதிரை பொறுக்க வருவார்கள். நல்ல குதிரை யார் சொல்லுக்குப் படிகிறதோ அந்த ஆளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போவார்கள். போனவன் எவனும் திரும்பியதில்லை. ஆகவே அன்று மட்டும் நாங்கள் எல்லோரும் மக்குகளாகிவிடுவோம். கடிவாளத்தை நழுவவிட்டு, கீழே விழுந்து மண்ணைக் கவ்வுவோம்.

அந்த வருடம் அவன் மனைவி அயூசிக்கு நிறைமாதம். காலையிலேயே சொல்லித்தான் அனுப்பினாள்.

"இந்தாய்யா, இன்னிக்கு ஒரு நாள் ஒண்ணும் தெரியாதவனா இரு. உன் சாமர்த்தியத்த நாளைக்கு எங்கிட்ட காட்டு."

அவனும் இரண்டு தடவை விழுந்தான். நன்றாகத்தான் விழுந்தான். வந்திருந்த அதிகாரி சிரித்தான். மலைக்காரனுக்குக் குதிரையைத் தின்னத்தான் தெரியும், ஏறத் தெரியாது என்றான். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் அதை அப்படியே எங்கள் மொழியில் சொல்லித் தொலைத்தான். தெலூசின் எழுந்து மண்ணைத் தட்டினான். ஒரு கறுப்புப் பெட்டைக் குதிரையைக் கடிவாளமே இல்லாமல் விரட்டிவந்து, அதிகாரியின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாலைக்குள் ஆளும் குதிரையும் மேற்கே போயாயிற்று.

அயூசி அழவில்லை, ஏசினாள். பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது வருடம் ஒரு சேதியும் இல்லை. செத்தவனுக்கு ஊற்றும் பார்லிக் கள்ளை ஊற்றிவிடு என்று ஊரார் சொன்னார்கள். எந்தக் குழியில் ஊற்றுவது என்று கேட்டாள்.

பத்தாம் வருடம் அசீரியப் படையே வந்தது. மலைமேல் பாறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊர் எரிவதைப் பார்த்தோம். கீழே குதிரைப்படை திரும்பியது. அசீரியர் பழக்கிய குதிரை அகலமாக வளைந்துதான் திரும்பும். இவை நின்ற இடத்திலேயே பின்னங்காலில் சுழன்றன. எங்கள் பள்ளத்தாக்கிலும் அப்படித் திருப்பக் கற்றுக்கொடுத்தவன் ஒருவன்தான். அத்தனையும் நேற்றுப் பழகிய இளங்குதிரைகள், வளர்த்தியிலேயே தெரிந்தது.

என் களஞ்சியம் எரிந்துகொண்டிருந்தது. அவள் வீடும்தான். அயூசி மகளின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"நல்லாப் பாருடி. அது உங்கப்பன் கை. உசுரோடதான் இருக்கான், படுபாவி."