தனம் அக்காவும் நான் போட்ட கத்திச் சண்டையும்

தனம் அக்கா போயிட்டாங்க. காலையில அவங்க மகள் பாப்பா போன் பண்ணினா... இன்னும் கை கால் ஓடல.

திருநகர்ல எங்க எதிர் வீடு. எழுபதுகளோட கடைசி. அக்கா கல்யாணமாகி வந்த புதுசு, எனக்கு ஒன்பது வயசு.

மாமியார் அவங்களை வெளியே விட்டது ரெண்டே இடத்துக்கு. தினமும் டைப் கிளாஸ், அப்புறம் திருப்பரங்குன்றம் கோயில். கோயிலுக்குத் துணை நான். சினிமா மட்டும் கூடவே கூடாது.

ஒரு கிருத்திகை அன்னிக்கு முருகனுக்கு அவசரமா ஒரு கும்பிடு போட்டுட்டு, நேரா டவுன் பஸ் ஏறிட்டோம். மேட்னி ஷோ. லேட்டானா கிருத்திகைக் கூட்டத்துல மாட்டிக்கிட்டோம்னு சொல்லிக்கலாம்... அக்காவோட பிளான்.

மாயாஜாலப் படம். பறக்கும் குதிரை, எரிமலைக் குகை, பூதம். பூதம் வந்தப்போ என்னைவிட அக்காதான் சத்தமா கத்தினாங்க.

வீட்டுக்கு வரும்போது நெத்தியில விபூதி, கையில பிரசாதம். யாருக்கும் சந்தேகமே வரல.

மறுநாள் தெருவுல நான் குச்சியை வாளாக்கி, பிள்ளைங்களுக்கு முழுப் படத்தையும் நடிச்சுக் காட்டிட்டு இருந்தேன். மாமியார் வாசல்ல அரிசி புடைச்சுக்கிட்டே கேட்டாங்க.

"நேத்து கோயிலுக்குப் போனவளுக்கு இம்புட்டும் எங்கிட்டு இருந்துடி தெரிஞ்சுச்சு?"

நான் பெருமையா சொன்னேன், அக்காதான் கூட்டிட்டுப் போனாங்கன்னு.

அன்னிக்கே டைப் கிளாஸ் நின்னுச்சு. டைப்ல லோயர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருந்த நேரம். பாஸ் பண்ணினா ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலைன்னு பேச்சு வேற.

ரெண்டு நாள் கழிச்சு ஜன்னல் வழியா என்னைக் கூப்பிட்டாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"கத்திச் சண்டை நல்லாத்தாண்டி போட்ட." அவ்வளவுதான் சொன்னாங்க.

போன மாசம் அதே படம் நெட்ல கிடைச்சுது. பூதத்தைத் தூக்குற கயிறு பளிச்னு தெரியுது. எரிமலை வெறும் அட்டை. இந்த அட்டைக்காகவா அக்காவோட பரீட்சை போச்சு... அழுகையா வந்துச்சு.

லிங்க்கை அனுப்பி, கூடவே மன்னிப்பும் கேட்கணும்னு எழுதி எழுதி அழிச்சேன். நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். வேலைன்னு எல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். பயம்தான்.

காலையில அழுகைக்கு நடுவுல மகள் கேட்டா. "அம்மா நல்லா டைப் அடிப்பாங்களாமே சித்தி. ஏன் பரீட்சை எழுதலன்னு கேட்டா சிரிப்பாங்க, கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியலம்மான்னு சொல்லிட்டேன்.

பாப்பா, இதை நீ படிப்பே... என்னாலதான்மா.

அக்கா வீட்டுக்கு, வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறிட்டேன். மன்னிச்சிருங்கக்கா. போயிட்டு வாங்க.