சீப்புக்கு மேலால் போன தண்ணீர்

படகு எஞ்சின் திருத்துகிறவனுக்கு ஒரே ஒரு சோதனைதான் தெரியும்: பின்பக்கக் குழாயால் தண்ணீர் துப்புகிறதா? துப்பினால் எஞ்சின் குளிரும். உள்துறைமுகக் கரையில் இத்தனை வருடமாக அதைப் பார்த்துத்தான் சோறு சாப்பிடுகிறேன்.

என் மனைவி ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் கீறுபவர். அவர் தனியாகப் பிடித்த முதல் வேலை, தோப்பூர்த் தம்பதி ஒன்றின் புது வீடு. வெள்ளிக்கிழமை அவர்கள் படம் பார்க்க வருவதாக இருந்தது. கம்ப்யூட்டரோ, படத்துக்கு நிறமும் வெளிச்சமும் போடத் தொடங்கினால் பாதியில் கொதித்து அணைந்துவிடும். "கடையில குடுப்பம்" என்றார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடலில ஓடுற எஞ்சினையே குளிராக்கிறனான், இந்தப் பெட்டி என்ன பெட்டி?"

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் சுற்றவைத்துக் குளிராக்கப் பம்பும் றேடியேட்டரும் வாங்கினேன். சூடாகும் சிப்பின் மேல் உட்காரும் செப்புக் கட்டையை மட்டும் நானே செய்தேன். உள்ளே சீப்புப் பல் மாதிரி மெல்லிய வரிசைகள். அவற்றுக்கிடையே தண்ணீர் ஓட வேண்டும். ஒழுகக் கூடாதே என்று, பட்டறைப் பழக்கத்தில் தடித்த றப்பர் வைத்து மூடியை இறுக்கினேன். ஹோஸ் குழாயின் முனையை வாளிக்குள் பிடித்துப் பார்த்தேன். என்னமாய்த் துப்பியது!

ஹோஸைப் பூட்டி, படத்துக்கு வெளிச்சம் போடவிட்டோம். பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அன்று வியாழன் காலை. மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, அந்தக் கட்டையை நடுவால் வெட்டினால் எப்படி இருக்கும் என்று கடதாசியில் கீறினார்.

"இஞ்சாருங்கோ, உங்கட றப்பர், மூடியைத் தூக்கி வைச்சிருக்கு. தண்ணி பல்லுக்குள்ள போகாம மேலால ஓடுது. சீப்பைத் தலையில படாம இழுத்தா பேன் வருமோ?"

"நல்லாத் துப்பிச்சுதே?"

"தடுக்க ஒண்டுமில்லாட்டித் துப்பும்தானே."

றப்பரை எறிந்துவிட்டு, மூடி பல்லோடு முட்டும்படி ஓரத்தில் தவாளிப்பாக ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் மெல்லிய றப்பர் வளையம் ஒன்றை வைத்தேன். இப்போது வாளியில் பாதி வேகம்கூட இல்லை. "இது சரிவராது" என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்டினேன். சூடு இறங்கியது. பின்னேரம்வரை ஏறவேயில்லை. படம் முடிந்தது.

மறுநாள் வந்த தோப்பூர்ப் பெண், திரையில் குசினி ஜன்னலில் விரலை வைத்து, "இந்த வெளிச்சத்தைத்தான் நான் கேட்டனான்" என்றார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பீத்திக்கொள்ள எடுத்துவைத்திருந்த கதையெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று மட்டும் கேட்டேன்.